கண்காணிக்கும் அறிவியல்: வாசகர் கேள்வி–பதில்

முகம் அறியும் கருவிகளுக்கு ஆரம்பகாலத்திலேயே வழிவகுத்த ஜப்பானியப் பேராசிரியர் தக்கியோ கனாடே, 2016ஆம் ஆண்டு கியோட்டோ பரிசைப் பெற்றமை பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் ஏறத்தாழ ஒரே திசையில் கேள்வி எழுப்பியிருந்தமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கடையிலும் பஸ் நிலையத்திலும் கண்காணிப்புக் கமரா பொருத்தியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யார்? அவருக்குப் பரிசு ஏதும் கிடைத்ததா?
— வர்த்தகர் ஒருவர், ஹட்டன்

கமரா முழுவதற்கும் ஒருவரைச் சொந்தக்காரராகச் சொல்ல முடியாது. ஒளியை மின்னேற்றமாக்கி, அந்த மின்னேற்றத்தை எண்களாக வாசிக்க இடமளிக்கும் சிறிய சில்லுதான் அதன் உயிர்நாடி. அந்த வகைச் சில்லுகளில் ஒன்றான சிசிடியை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொய்ல், ஜோர்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். 2009ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி அவர்களுக்குக் கிடைத்தது. மறுபாதி ஒளியிழை ஆய்வுக்காகச் சார்ள்ஸ் காவோவுக்குச் சென்றது. இன்று உங்கள் கடைக் கமராவிலும் கைப்பேசியிலும் இருப்பது பெரும்பாலும் சீமொஸ் என்னும் வேறு வகைச் சில்லு. அதற்கு 1990களில் வடிவம் கொடுத்த எரிக் ஃபோசம் அப்போது நாசாவின் ஆய்வுகூடமொன்றில் பணியாற்றினார். விண்கலங்களில் ஏற்றும் கமராக்களின் பருமனையும் மின்செலவையும் குறைப்பதே அவருடைய வேலையாக இருந்தது. பின்னாளில் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியரான அவருக்கும், ஜோர்ஜ் ஸ்மித், மைக்கேல் டொம்செட், நொபுகாசு தெரனிஷி ஆகியோருக்கும் சேர்த்து 2017இல் பொறியியலுக்கான எலிசபெத் மகாராணி பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் இந்தச் சில்லு படத்தைப் பதிவதோடு நின்றுவிடுகிறது. படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவது தனியொரு அறிவியல். போல் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் ஆகிய இருவரும் 2001இல் எழுதிய கட்டுரை அதில் திருப்புமுனையாக அமைந்தது. கண்கள் இருக்கும் பகுதி கன்னங்களை விட இருண்டிருக்கும், மூக்குத் தண்டு இரு பக்கங்களையும் விட வெளிச்சமாக இருக்கும் என்பன போன்ற எளிய ஒளி வேறுபாடுகளை ஆயிரக்கணக்கில் மிக விரைவாகச் சரிபார்க்கும் முறை அது. காலத்தைத் தாங்கி நின்ற கட்டுரைகளுக்கு வழங்கப்படும் லொங்கே-ஹிக்கின்ஸ் பரிசு 2011இல் அதற்குக் கிடைத்தது. கண்டுபிடித்த முகம் யாருடையது என்று பெயர் சொல்வது இன்னும் ஒரு படி மேலே உள்ள வேலை. சர்ச்சைகள் எல்லாம் அந்தப் படியில்தான் தொடங்குகின்றன.

கேள்வி: என் அம்மா கொழுந்து பறிப்பவர். காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் கைவிரல் வைத்து வரவு பதியும் இயந்திரம் வந்த பிறகு, அவருடைய விரலை அது பல நாட்களில் ஏற்பதில்லை. மற்றவர்கள் மலைக்கு ஏறிய பிறகும் அவர் நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை அன்றைய வரவுக்கான பேரே விழவில்லை. விரலைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்று அம்மாவையே குறை சொல்கிறார்கள். உண்மையில் தவறு யாருடையது?
— மகள் ஒருவர், மஸ்கெலியா

உங்கள் அம்மாவிடம் தவறில்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய கையைப் பாருங்கள். பெருவிரலின் உட்புறமும் ஆட்காட்டி விரலின் ஓரமும் தேயிலைச் சாற்றின் கறை ஏறிக் கறுத்து, குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் ஓடி, இடையிடையே தோல் தடித்து வழுவழுப்பாகியிருக்கும். கைரேகை இயந்திரம் முழு விரலையும் ஒரு படமாக ஒப்பிடுவதில்லை. ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்னும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அப்புள்ளிகளின் அமைப்பையே முன்பு பதிந்ததோடு பொருத்திப் பார்க்கிறது. மேடுகள் தேய்ந்துவிட்டால் புள்ளிகள் மறைந்துவிடும். வெடிப்பு விழுந்தால் ரேகை முடியாத இடத்திலும் முடிந்ததுபோலப் பொய்யான புள்ளிகள் தோன்றும். மழையில் ஊறிச் சுருங்கிய தோலும் விடியற்காலைக் குளிரில் உலர்ந்த தோலும் கண்ணாடியில் சரியாகப் பதியமாட்டா. ஆக, யார் அதிகமாக உழைத்திருக்கிறாரோ அவரையே இந்த இயந்திரம் அதிகமாகச் சந்தேகிக்கிறது.

இந்தத் துறையின் முதன்மையான பெயர் அனில் ஜெயின். இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல தசாப்தங்களாகக் கைரேகை, முக அடையாளம் ஆகியவற்றை ஆராய்ந்து வரும் இவர், 2016இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். இவரது குழு ஆக்ராவுக்கு அருகிலுள்ள தயால்பாக்கில் கைக்குழந்தைகளின் ரேகைகளைப் பதிந்து, தடுப்பூசி அட்டை தொலைந்துபோன குழந்தையை விரலைக்கொண்டே அடையாளம் காண முடியுமா என்று ஆராய்ந்தது. கைரேகை ஆய்வு யாருக்கு உதவ முடியும் என்பதற்கு நல்லதொரு சான்றாக நான் அதையே காட்டுவேன்.

இத்துறையில் எவராலும் தப்ப முடியாத ஒரு விதி இருக்கிறது. 'இது போதுமான அளவு பொருந்துகிறது' என்று இயந்திரம் முடிவெடுக்க ஓர் எல்லையை யாரோ ஒருவர் குறிக்க வேண்டும். எல்லையைக் கடுமையாக்கினால் ஒருவருக்காக இன்னொருவர் விரல் வைக்க முடியாது, ஆனால் உரியவரே நிராகரிக்கப்படும் தடவைகள் கூடும். தளர்த்தினால் அந்த நிராகரிப்புக் குறையும், ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் விரல் வைப்பது கூடும். இரண்டையும் ஒருசேரப் பூச்சியமாக்கிய கருவி எதுவும் இல்லை. எனவே வேலைக்கு வந்தவருக்குப் பேர் விழாமல் போவதையும், வராதவருக்குப் பேர் விழுவதையும் தராசில் வைத்து, எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர் ஒரு மனிதரே. உங்கள் அம்மாவைக் குறை சொல்பவர்கள் அந்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்தியாவின் ஆதார் என்னும் அடையாள எண் திட்டத்தில் பத்து விரல்களோடு இரு கண்களும் பதியப்படுவதற்கு உழைப்பாளர்களின் தேய்ந்த விரல்களும் ஒரு காரணம். கண்ணின் கருமணியைச் சுற்றியுள்ள வளையப் படலத்தின் இழையமைப்பை 2,048 இருமக் குறிகளாக (0 அல்லது 1) மாற்றும் கணிப்பு முறையை உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் டோக்மன். இரு வெவ்வேறு கண்களின் குறிகளை ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி வேறுபடும். அதே கண்ணை மீண்டும் பதிந்தால் வேறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே நின்றுவிடும். இந்த இடைவெளி அகலமானது என்பதால்தான் அம்முறை அத்தனை நம்பகமானது. 1984இல் அகதி முகாமொன்றில் ஒளிப்படம் எடுக்கப்பட்ட பச்சைக் கண் ஆப்கான் சிறுமியை 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோது, இருவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்தியவர்களில் டோக்மனும் ஒருவர். பிரித்தானிய அரசு அவருக்கு ஓபிஈ விருது அளித்தது.

அதே ஆதாரில் விரல் பொருந்தாமல் பங்கீட்டு அரிசி மறுக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஜார்க்கண்ட் கிராமங்களில் நேரில் சென்று பதிவு செய்தவர்கள் ஜோன் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியல் ஆய்வாளர்கள். கருவியை உருவாக்கியவரின் ஆய்வுக்கு இணையான ஆய்வாகவே அதை நான் மதிக்கிறேன்.

செய்யக்கூடியவை சில உண்டு. அம்மாவின் பெருவிரலுக்குப் பதிலாக, கிள்ளுவதற்குக் குறைவாகப் பயன்படும் மோதிர விரலையோ சிறுவிரலையோ பதியச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களைப் பதிய வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, விரல் ஏற்கப்படாத நாளில் கணக்கப்பிள்ளை உடனே கையால் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் பேர் பதியும் வழக்கம் எழுத்தில் இருப்பது. தொழிற்சங்கத் தலைவரிடம் இதை முதற் கோரிக்கையாக வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடலடையாளத் தரவுகளைச் சிறப்பு வகைத் தரவுகளாகக் கொள்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மாணவர் குடும்பங்களின் வருமானம், நோய்கள் பற்றி ஓர் ஆய்வு செய்தோம். பெயர்களை நீக்கிவிட்டு, தோட்டப் பிரிவு, பிறந்த திகதி, பால் ஆகியவற்றை மட்டும் வைத்து இணையத்தில் வெளியிடலாமா?
— ஆசிரியை, பதுளை

வெளியிட வேண்டாம். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் அரச ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயர் நீக்கப்பட்டு, ஆனால் அஞ்சல் எண், பிறந்த திகதி, பால் ஆகியவை நீக்கப்படாமல், ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லட்டானியா ஸ்வீனி, 20 டொலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே திகதியில் பிறந்தவர்கள் அதில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் எண்ணில் வசித்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு அவ்வளவு எளிதாகக் கையில் கிடைத்துவிட்டது. அஞ்சல் எண், பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றையும் கொண்டு அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர் 2000ஆம் ஆண்டில் கணித்தார். இப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் அவர், மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணினி அறிவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண்.

உங்கள் தோட்டப் பிரிவு ஓர் அமெரிக்க அஞ்சல் வட்டாரத்தை விடப் பன்மடங்கு சிறியது. சில லயங்களில் வாழும் நூற்றுக்கணக்கானோரில் ஒரே நாளில் பிறந்த இரு பெண் பிள்ளைகளைக் காண்பதே அரிது. பிறந்த திகதிக்குப் பதிலாக வயதுப் பிரிவையும், தோட்டப் பிரிவுக்குப் பதிலாகப் பிரதேச செயலகப் பிரிவையும் போடுங்கள். அப்படியும் அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் ஓரிருவர் மட்டுமே எஞ்சினால் அக்கட்டத்தை வெளியிடாதீர்கள்.

இதைக் கணிதமாகவே வளர்த்தவர்கள் சிந்தியா டுவோர்க், ஃபிராங்க் மக்ஷெரி, கொபி நிஸிம், அடம் ஸ்மித் ஆகிய நால்வர். புள்ளிவிபரங்களை வெளியிடுமுன் அளந்தெடுத்த ஒரு சிறு தற்செயல் பிழையை அவற்றில் கலந்துவிட்டால், மொத்தப் போக்கு கெடாது; ஆனால் குறிப்பிட்ட ஒருவர் அந்தத் தரவில் இருந்தாரா இல்லையா என்பதைக்கூட எவராலும் உறுதியாக அறிய முடியாது. 2006இல் வெளியான அக்கட்டுரைக்கு 2017இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்முறையைக் கையாண்டது.

கேள்வி: மக்களைப் பின்தொடரவும் ஒடுக்கவும் உதவும் கருவிகளை உருவாக்கியவர்களுக்குப் பரிசும் பதக்கமும் கொடுப்பது சரியா? நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கங்காணியின் பார்வையிலேயே வாழ்ந்த ஒரு சமூகம் இதைப் பாராட்ட வேண்டுமா?
— ஓய்வுபெற்ற அதிபர், கண்டி

மதிப்புக்குரிய ஐயா, இது எனக்கும் நெடுநாளாக உள்ள கேள்வி. பரிசளிப்பது சரியா என்பதை விட, எந்த ஆய்வுக்கெல்லாம் பரிசளிக்கிறோம் என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

கனாடேயை எடுத்துக்கொள்வோம். கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில், மனித முகத்தைக் கணினியால் அறிய முடியுமா என்று ஆராய்ந்து அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், காணொளியில் அசையும் ஒரு புள்ளியைத் தொடர்ந்து செல்லும் முறைகளை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். தானாக ஓடும் வாகனங்களுக்கும் அந்த ஆய்வுகள் உதவியுள்ளன. தெருவில் நடப்பவரைத் தொடரவும் உதவுகின்றன. அந்தப் பணியில் அவரோடு இணைந்திருந்த கார்லோ டொமாசி பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருடைய ஆய்வுக்குழு 2014இல் பல்கலைக்கழக வளாகத்தில் எட்டுக் கமராக்களைப் பொருத்தி, வகுப்புக்குப் போகும் வழியில் நடந்தவர்களின் காணொளியைப் பதிந்தது. 2,700 பேர் அளவில் அதில் இருந்தார்கள். அத்தொகுப்பு இணையத்தில் திறந்துவிடப்பட்டு உலகெங்கும் ஆட்களைப் பின்தொடரும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டது. 2019இல் இது வெளிச்சத்துக்கு வந்ததும் தொகுப்பு அகற்றப்பட்டது. டொமாசி மாணவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். தீய நோக்கம் எதுவும் இல்லாத, நல்ல கல்விமான் ஒருவரின் கையாலேயே இது நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நடந்துபோன அந்த மாணவர்களை அவர் ஆய்வுக்கான பொருளாகப் பார்த்தாரேயன்றி, கேட்டு அனுமதி பெற வேண்டிய மனிதர்களாகப் பார்க்கவில்லை.

விலகி நடந்தவர்களும் இருக்கிறார்கள். படத்திலுள்ள மனிதரையும் வாகனத்தையும் நொடிப்பொழுதில் இனங்காணும் 'யோலோ' என்னும் முறையை வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஜோசப் ரெட்மன், இராணுவப் பயன்பாட்டையும் தனியுரிமைப் பாதிப்பையும் கண்டு, கணினிப் பார்வை ஆய்வையே நிறுத்திவிட்டதாக 2020இல் அறிவித்தார். புகழின் உச்சியில் எடுத்த முடிவு அது.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈவ் மொரோ நின்று போராடும் வழியைத் தெரிந்தெடுத்தார். சீனாவில் உய்குர் போன்ற சிறுபான்மையினரிடமிருந்து, சுதந்திரமாகச் சம்மதித்தார்களா என்பதே ஐயத்துக்குரிய நிலையில், மரபணு மாதிரிகளைப் பெற்று எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அவர் ஒவ்வொன்றாகச் சஞ்சிகைகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2024இல் ஒரே சஞ்சிகை 18 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில், ஆய்வின் தரத்தைக் காப்பவர்களுக்கான ஐன்ஸ்டைன் அறக்கட்டளை விருது அவருக்கு வழங்கப்பட்டது. எந்த ஆய்வுக்குப் பரிசு என்ற உங்கள் கேள்விக்கு இந்த விருதையே நான் பதிலாகக் காட்டுவேன்.

ஜோய் புவொலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆபிரிக்க நாடுகள் மூன்று, ஐரோப்பிய நாடுகள் மூன்று ஆகியவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களை எடுத்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை ஆகக்கூடியதாக 0.8 சதவீதம். கருநிறப் பெண்களில் அது 34.7 சதவீதம் வரை சென்றது. 2018இல் வெளியான இந்த முடிவு பெருநிறுவனங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது; 2020இல் ஐபிஎம் நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்கான முக அடையாள மென்பொருளிலிருந்து விலகியது. அந்த ஆறு நாடுகளில் இலங்கையோ இந்தியாவோ இல்லை. வெயிலிலும் பனியிலும் கறுத்த மலையகப் பெண்ணின் முகத்தில் இக்கருவிகள் எத்தனை தடவை தவறும் என்பதை, கருவியை இங்கே கொண்டுவருபவர்கள் அளந்து காட்ட வேண்டும்.

கங்காணியின் பார்வையைப் பற்றிச் சொன்னீர்கள். அவரிடம் முறையிடலாம், அவரை எதிர்த்துத் துரையிடமோ தொழிற்சங்கத்திடமோ போகலாம் என்ற வழியாவது எம்மவர்கள் போராடிப் பெற்ற ஒன்று. கமராவின் தீர்ப்புக்கு எதிராக முறையிட ஓர் இடம் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அதே போராட்டத்தின் தொடர்ச்சியே.

கேள்வி: டெங்கு நோயாளியைப் பற்றி அறிவிப்பதும் 'கண்காணிப்பு' என்றே எங்கள் படிவங்களில் இருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றா?
— பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஹப்புத்தளை

முறை ஒன்றுதான்: யாருக்கு, எங்கே, எப்போது என்பதை உடனுக்குடன் அறிந்து செயற்படுவது. 1966இல் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மைத் தடுப்பூசி எல்லோருக்கும் போதாதபோது, அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபோகி நோய் தோன்றிய கிராமங்களை வானொலித் தொடர்பின் மூலம் தேடியறிந்து, அவற்றைச் சுற்றியிருந்தோருக்கு மட்டும் ஊசி போட்டார். டொனால்ட் ஹென்டர்சன் தலைமையில் உலகெங்கும் விரிந்த அந்த வழியால் 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இருவருக்கும் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. நமது நாட்டிலே 1963இல் மலேரியா நோயாளர் 17 பேராகக் குறைந்திருந்தனர், விழிப்புத் தளர்ந்தது, 1969இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் பொறுமையாகக் கண்காணித்து, 2016இல் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழைப் பெற்றோம். நீங்கள் சேகரிக்கும் பெயரும் முகவரியும் நோயைத் தடுக்கும் வேலைக்கு அப்பால் போகாதவரை உங்களுடைய கண்காணிப்பு மக்களின் பக்கம் நிற்கிறது.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். இந்த ஆய்வாளர்களைப்போல் வர எதைப் படிக்க வேண்டும்?
— மாணவி, பண்டாரவளை

இணைந்த கணிதத்தை விடாதீர்கள். 1991இல் மத்தியூ டேர்க்கும் அலெக்ஸ் பென்ட்லண்டும் முகங்களை அறிய உருவாக்கிய முறை முழுவதும், எண்களை நிரல் நிரையாக அடுக்கிக் கையாளும் தாயங்களின் கணக்கு. ஸ்வீனியும் டுவோர்க்கும் செய்தவை நிகழ்தகவின் நீட்சி. பேராதனையில் கணினிப் பொறியியலும், விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் உண்டு. உங்கள் ஊருக்குக் கிட்டிய பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால், அம்மொழியில் தடுமாறாமல் வாசிக்கும் பழக்கத்தையும் இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கைரேகை இயந்திரம் உள்ள இடமொன்றில், நிர்வாகத்திடமும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் அனுமதி பெற்று, எந்த விரல் எத்தனையாவது முயற்சியில் ஏற்கப்படுகிறது என்பதைக் குறியுங்கள். வயதுப் பிரிவையும், தொழிலில் எத்தனை ஆண்டுகள் என்பதையும், அன்று மழையா வெயிலா என்பதையும் எழுதுங்கள்; பெயரையும் ரேகையையும் எழுத வேண்டாம். கொழுந்து பறிப்பவர்களையும் அலுவலகத்தில் வேலை செய்பவர்களையும் தனித்தனியாக வகுத்து அட்டவணை போட்டு, உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டிய பின் எமக்கும் அனுப்பிவையுங்கள், இப்பகுதியில் வெளியிடுகிறோம்.